விசில் ஊதாத இடத்தில்: கென்டக்கி பள்ளி வில்வித்தையும் வில்வேட்டைப் பாடமும் (நிகழ்வு ஆய்வு)

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2002-இல் 21 நடுநிலைப் பள்ளிகளைக் குறிவைத்து ஒரு வில்வித்தைத் திட்டம் தொடங்கியது. மாநில மீன்வள, வனவிலங்குத் துறை, மாநிலக் கல்வித் துறை, வில் தயாரிப்பு நிறுவனமான மேத்யூஸ் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து நடத்தின. அதுவே பிறகு ‘நேஷனல் ஆர்ச்சரி இன் தி ஸ்கூல்ஸ் புரோகிராம்’ ஆனது. சுருக்கமாக நாஸ்ப். 4-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை உடற்கல்விப் பாடவேளையிலேயே வில்வித்தை. மாநில எல்லையையும் பிறகு நாட்டு எல்லையையும் தாண்டிப் பரவிய திட்டம் இது.

வனவிலங்குத் துறைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை? காசுதான் முதல் காரணம். அமெரிக்க மாநிலங்களில் வனவிலங்குப் பராமரிப்புக்கான பணத்தில் பெரும்பங்கு வேட்டை உரிமக் கட்டணத்திலிருந்தும், 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கப்படும் கலால் வரியிலிருந்தும் வருகிறது. 1972-இல் வந்த திருத்தம் வில், அம்புச் சாமான்களையும் அந்த வரிக்குள் கொண்டுவந்தது. வேட்டைக்குப் போகிறவர்கள் குறைந்தால் மான், வான்கோழி கணக்கெடுப்புக்கும் காட்டுநிலப் பராமரிப்புக்கும் வரும் வரவு குறையும். ஆகவே துறைக்கு இளையவர்கள் வேண்டும்.

ஆனால் நாஸ்ப் பாடத்தில் வேட்டை கிடையாது. வட்டமிட்ட காகித இலக்கு மட்டுமே. எல்லாப் பெற்றோரும் எல்லாத் தலைமையாசிரியர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே எடுத்த முடிவு அது. பலன் கொடுத்த முடிவும்கூட. இதன் விளைவாக ஒரு இடைவெளி விழுந்தது. பள்ளியில் வில் பிடித்த மாணவர் காட்டுக்குப் போக ஆசைப்பட்டால், கையில் இருக்கும் திறமையில் எவ்வளவு உதவும், எவ்வளவு உதவாது, மிச்சத்தைப் பள்ளியே சொல்லிக்கொடுக்க முடியுமா என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

அரங்கில் நடப்பது

முதலில் வில். நாஸ்பில் எல்லோருக்கும் ஒரே மாடல்: ஜெனிசிஸ். இழுவிசை 10 முதல் 20 பவுண்டு வரை மாற்றலாம். இழுநீளம் 15 அங்குலத்திலிருந்து 30 அங்குலம் வரை யாருக்கும் பொருந்தும். வழக்கமான காம்பவுண்டு வில்லில், அதன் நுனியில் இருக்கும் ‘கேம்’ என்ற சக்கரம் உருண்டு முடிந்ததும் ‘சுவர்’ என்று சொல்லும் ஒரு நிறுத்தம் வரும். அதோடு இழுவிசை பாதிக்கும் கீழே சட்டென்று இறங்கும். இதற்குப் பெயர் லெட்-ஆஃப். ஜெனிசிஸில் அந்த நிறுத்தமும் இல்லை, லெட்-ஆஃபும் இல்லை. அதனால் 10 வயதுப் பிள்ளை வைத்துவிட்டுப் போன வில்லை அடுத்த வகுப்பில் 17 வயது இளைஞர் எடுத்துச் சுடலாம். குறி பார்க்க உதவும் குறிமுள் கிடையாது, நாணைப் பிடித்து விடும் ரிலீஸ் கருவி கிடையாது, வெறும் விரல்.

அம்பும் ஒரே வகை: ஈஸ்டன் 1820 அலுமினியம். முதல் இரண்டு இலக்கம் வெளிவிட்டத்தைச் சொல்கிறது, ஓர் அங்குலத்தின் 64-இல் 18 பங்கு. அடுத்த இரண்டும் குழாய்ச் சுவரின் தடிமன், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு. வில்லும் அம்பும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதால், அம்பு தவறிப் போனால் குறையை எய்தவரிடம்தான் தேட வேண்டும். பயிற்றுநருக்கு இதைவிட வசதி வேறில்லை.

அரங்கில் தரையில் மூன்று கோடு. காத்திருக்கும் கோடு, எய்யும் கோடு, இலக்குக்குச் சுமார் 4 மீட்டர் முன்னால் இலக்குக் கோடு. இலக்குகளுக்குப் பின்னால் சுவர் முழுக்க அம்பு தடுக்கும் வலை. இயக்குவது விசில் மட்டுமே. இரண்டு ஊதினால் வில்லை எடுத்துக்கொண்டு எய்யும் கோட்டுக்கு வர வேண்டும். ஒன்று ஊதினால் எய்யத் தொடங்கலாம். மூன்று ஊதினால் போய் அம்பு எடுத்து வரலாம். ஐந்தோ அதற்கு மேலோ ஊதினால் அப்படியே நிறுத்தி அம்பைத் தூணியில் போட்டுவிட வேண்டும். அம்பைப் பிடுங்கும்போதுகூட இடதுகையை இலக்கின் மேல் விரித்து அழுத்தி, வலதுகையால் தண்டை இலக்கை ஒட்டிப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும்; பின்னால் யாரும் நிற்கக் கூடாது. கொண்டு வரும்போது முனைகள் உள்ளங்கைக்குள் மூடியிருக்க வேண்டும்.

எய்யும் முறையை 11 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: நிற்கும் நிலை, அம்பை நாணில் பூட்டுதல், இழுக்கும் கை, வில் பிடிக்கும் கை, முன்-இழுப்பு, இழுப்பு, ஆங்கர் (இழுத்த கையை முகத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது), குறி, எய்யத் தயாராதல், விடுதல், தொடர்ந்து நின்று யோசித்தல். எந்தக் கைக்காரர் என்பதை ஆதிக்கக் கண் தீர்மானிக்கும், எழுதும் கை அல்ல. இரு கையையும் நீட்டி விரல்களுக்கிடையில் சிறு முக்கோணம் அமைத்துத் தூரத்துப் பொருளைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வலதுகைப் பழக்கமும் இடதுகண் ஆதிக்கமும் உள்ள பிள்ளையிடம் வலதுகை வில்லைக் கொடுத்துவிட்டால், அம்பு தொடர்ந்து ஒரே பக்கம் ஒதுங்கும். மாதக்கணக்கில் திருத்தினாலும் தீராது.

வில்லுக்கு முன்னால் நாண் வளையம். சுமார் இழுநீள அளவுக்கு முடிச்சுப் போட்ட ஒரு கயிறு, அவ்வளவுதான். இடதுகையில் மாட்டி, வலது மூன்று விரலால் இழுத்து, ஆட்காட்டி விரல் வாயோரத்தைத் தொடும் இடத்தில் நிறுத்தி, விட வேண்டும். விரலைத் திறக்காமல் கையை முன்னால் தள்ளுகிறவர் யார் என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

வில் கைக்கு வந்ததும் வரும் கோளாறுகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். நாண் முன்கையில் அடித்துக் கன்றிப் போனால், முழங்கையின் உட்புறம் மேல்நோக்கி இருக்கிறது என்று பொருள்; பிடியைத் தளர்த்தி முழங்கையைச் சுழற்றச் சொன்னால் போதும். அம்பு தாங்கியிலிருந்து நழுவினால் ஆட்காட்டி விரல் நாணில் பூட்டும் அம்பின் பின்முனையை நெரிக்கிறது, அல்லது விரல்கள் நாணைச் சுருட்டிப் பிடிக்கின்றன. அம்பு எங்கே போனது என்று பார்க்க வில்லைச் சட்டென்று இறக்குபவரின் அம்பு இலக்கில் கீழே தள்ளிக் குத்தும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவது மிக மோசமானது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் வில்லுக்குள்ளேயே திரும்பும். வில்லின் வளையும் பகுதி விரிசல் விடும், நாண் தடம் புரளும்.

அந்த ஒழுங்கு எங்கே தீர்ந்துபோகிறது

மேலே சொன்னதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாணவர் எந்த முடிவையும் எடுப்பதில்லை. எப்போது வில் எடுப்பது, எப்போது எய்வது, எப்போது நிறுத்துவது எல்லாம் விசில் சொல்கிறது. தூரம் போட்டியில் 10 மீட்டர், பிறகு 15 மீட்டர். ஒரு சுற்றுக்கு 5 அம்பு, 2 நிமிடம். இலக்கு 80 சென்டிமீட்டர் காகிதம். அசையாது, திரும்பாது, சத்தம் கேட்டுக் குனியாது. நூறு பிள்ளைகள் கையில் வில்லோடு பள்ளி அரங்கில் பத்திரமாக இருப்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வில்வேட்டையில் அந்த விசில் வேட்டைக்காரருக்குள்ளேதான் இருந்தாக வேண்டும். தூரம் தெரியாது. விலங்கு எந்தக் கோணத்தில் நிற்கும் என்று தெரியாது. எய்யலாமா என்பதை இரண்டு மூன்று நொடியில் தானே முடிவு செய்ய வேண்டும்; பெரும்பாலான முறை ‘வேண்டாம்’ என்பதே சரியான முடிவு. ஆகவே பள்ளியில் வில்வேட்டைப் பாடம் என்றால், குறி வைக்கும் திறமையை மேலும் மெருகேற்றுவது அல்ல. முடிவெடுக்கும் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாணவரிடம் திருப்பிக் கொடுப்பது. அமெரிக்க வில்வித்தை வணிகச் சங்கம் 11 முதல் 17 வயதுக்காரர்களுக்கென்று உருவாக்கிய ‘எக்ஸ்ப்ளோர் போஹண்டிங்’ பாடத்திட்டம் தடம் பார்த்தல், மறைந்து நெருங்குதல், குரல் கொடுத்து அழைத்தல், எய்யும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தல் போன்றவற்றுக்கு இடம் கொடுப்பதும் இதற்காகவே. இவற்றில் முக்கால்வாசிக்கு வில்லே தேவைப்படாது.

தூரம்

நாஸ்ப் மாணவரிடம் ஒரு விதை ஏற்கெனவே இருக்கிறது. குறிமுள் இல்லாத வில்லில் அம்பு முனையை வைத்துத்தான் குறி பார்க்கிறார். 10 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்குப் போகும்போது முனையை மேலே ஏற்ற வேண்டியிருப்பதைக் கண்டுகொள்கிறார். தூரம் மாறினால் குறி மாறும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தூரம் எவ்வளவு என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். காற்றுத் தடையை விட்டுவிட்டு, அம்பு நொடிக்கு 150 அடி வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். பள்ளி வில்லுக்கு ஏறக்குறைய பொருந்தும் வேகம். 15 மீட்டர் என்று நினைத்துக் குறி வைத்த இலக்கு உண்மையில் 20 மீட்டரில் இருந்தால், அம்பு சுமார் 9 அங்குலம் கீழே விழும். நொடிக்கு 260 அடி போகும் வேட்டை வில்லில், 30 கெஜத்தை 25 என்று தவறாகக் கணித்தால் சரிவு 4 அங்குலத்துக்குச் சற்றுக் கம்மி. 40-ஐ 35 என்று கணித்தால் 5 அங்குலம். வெள்ளைவால் மானின் நெஞ்சுப் பகுதிக்குப் பயிற்றுநர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அளவு 9 அங்குலக் காகிதத் தட்டு. நடுவிலிருந்து விளிம்புக்கு நாலரை அங்குலம். அதாவது 30 கெஜத்தில் அதே 5 கெஜத் தவறு மயிரிழையில் தப்பும், 40 கெஜத்தில் தட்டுக்கு வெளியே போய்விடும். கரும்பலகையில் இந்தக் கணக்கை மாணவர்களையே போட வைத்தால் இயற்பியல் ஆசிரியருக்கும் ஒரு பாடவேளை மிச்சம்.

மைதானத்தில் செய்யும் பயிற்சி எளிது. 12, 17, 23, 28, 34 கெஜம் என்று முழு எண்ணாக வராத தூரங்களில் கொடி நட வேண்டும். முதலில் தாளில் மதிப்பீட்டை எழுத வேண்டும், அதன் பிறகுதான் தூரம் அளக்கும் கருவியான ரேஞ்ச்ஃபைண்டர். இந்த வரிசையை விட்டுக்கொடுக்கக் கூடாது. கருவியை முதலில் பார்த்துவிட்டால் கண் எதையும் கற்காது. இரண்டாம் நாள் அதே கொடிகளை மரங்களுக்கிடையிலும் ஒரு பள்ளத்துக்கு அப்பாலும் வைத்தால் மதிப்பீடு கலைந்துபோகும். இடையிலுள்ள தரை கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துக்கு அப்பால் இருக்கும் பொருள் கிட்டத்தில் இருப்பதுபோல் தோன்றும். இருண்ட மரச்சந்துக்குள் இருப்பது தள்ளித் தெரியும். பெரும்பாலானோருக்குக் கைகொடுக்கும் வழி, பாதித் தூரத்தில் ஒரு மரத்தையோ கல்லையோ அடையாளம் வைத்து அதை மட்டும் கணித்து இரட்டிப்பது. இதைவிட நல்லது, உட்காரும் இடத்தைச் சுற்றி 20 கெஜத்திலும் 30 கெஜத்திலும் உள்ள மரங்களை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்வது. விலங்கு வந்த பிறகு அளக்க நேரமிருக்காது.

சத்தத்தையும் இங்கேயே சேர்த்துவிடலாம். ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும். 30 கெஜத்தில் நிற்கும் மானுக்கு நாணொலி 0.08 நொடியில் கேட்கும். 260 அடி வேக அம்பு வந்து சேர 0.35 நொடி ஆகும். இடைப்பட்ட கால் நொடிக்கு மேலான நேரத்தில், ஓடுவதற்காக மான் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது படக்கூடாத இடத்தில் படும். வேகமான வில் வாங்கி இதை ஜெயிக்க முடியாது; கிட்டத்தில் எய்வது ஒன்றே வழி. மான் ஏற்கெனவே காதை விறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எய்யவே கூடாது.

கோணம்

அம்பு தோட்டாவைப்போல் அதிர்ச்சியால் கொல்வதில்லை; இரத்த இழப்பால் கொல்கிறது. இரண்டு நுரையீரலையும் ஊடுருவினால் விலங்கு சீக்கிரம் சாயும். ஒன்றை மட்டும் தொட்டால் வெகுதூரம் போகும். ஆகவே பக்கவாட்டில் நிற்கும் மான், அல்லது சற்றே அப்பால் திரும்பி நிற்கும் மான்: இவ்விரண்டு கோணத்தில் மட்டுமே எய்யலாம். எதிரே பார்த்து நிற்பது, நம்மை நோக்கிச் சாய்வாகத் திரும்பி நிற்பது, பின்புறம் காட்டுவது மூன்றையும் விட்டுவிட வேண்டும். நம்மை நோக்கிய சாய்வில் தோள் எலும்பு வழியை மறைக்கும். பின்புறத்தில் குடல்தான் முதலில் படும்.

வகுப்பில் இதற்கு ஒரு நுரை மான் இலக்கு போதும். அதைச் சுழலும் பலகையில் வைத்து 30 பாகை வீதம் திருப்ப வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் மாணவர் அம்பு நுழையும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, வெளியேறும் இடத்தை வாயால் சொல்ல வேண்டும். அப்பால் திரும்பிய நிலையில் குறிக்கும் விதி ஒன்று உண்டு: மறுபக்கத்து முன்னங்காலை நோக்கி அம்பு வெளிவருவதாக வைத்து நுழையும் இடத்தைத் தீர்மானிப்பது. ஏறக்குறைய எல்லா மாணவர்களும் முதல் தடவை ஸ்டிக்கரை முன்னால், தோளை ஒட்டி, ஒட்டுவார்கள். காகித இலக்கில் ‘நடுவில் அடி’ என்று பழகிய கண் மானின் மேற்பரப்பை மட்டும் பார்க்கிறது, உள்ளே போகும் பாதையைப் பார்ப்பதில்லை. ஒரு மெல்லிய குச்சியை அந்தப் புள்ளியில் வைத்து எய்பவரின் பக்கமிருந்து பிடித்துக் காட்டினால் உடனே புரிந்துவிடும்.

பிறகு கேலரிப் படிக்கட்டின் உச்சியில் ஏற்றி அதே மானைக் காட்ட வேண்டும். மேலிருந்து எய்யும்போது நுழைவு உயரத்தில், வெளியேற்றம் தாழ்வில். மரப்பரண் பழக்கமாகிவிட்ட நாட்டில் இதை விட முடியாது. மேலிருந்து எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தினால் ஆங்கர் கலையும். இடுப்பில் மடங்க வேண்டும்.

இழுத்த நாணைத் திரும்ப விடுதல்

எங்கள் கணிப்பில் முழுப் பாடத்தின் மையம் இதுதான். பெரும்பாலான பயிற்சிகளில் அரைகுறையாகத் தொட்டுவிட்டுப் போகிற பகுதியும் இதுதான். இழுத்தபின் எய்யாமல் நாணைப் பத்திரமாகத் திரும்ப விடுவது. நாஸ்பிலும் இது உண்டு. ஆனால் லெட்-ஆஃப் இல்லாத வில்லை நெடுநேரம் பிடித்து நிற்க முடியாது. பிள்ளைகள் சில நொடியிலேயே எய்யப் பழகுகிறார்கள். அதே பழக்கத்தோடு வேட்டை வில்லுக்குப் போனால், இழுத்தால் எய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கையில் ஒட்டிக்கொள்கிறது.

வேட்டை வில்லில் லெட்-ஆஃப் 70 முதல் 85 சதவீதம் வரை இருக்கும். இழுத்துப் பிடிப்பது சுலபம். திரும்ப விடுவது கடினம். கேம் பின்னோக்கி உருளும் இடத்தில் முழு இழுவிசையும் ஒரே நேரத்தில் கையைப் பிடித்து முன்னால் வெட்டி இழுக்கும். தயாராக இல்லாத தோள் அங்கே சுளுக்கும், வில் திசை மாறும். சரியான முறை: அம்பு முனை இலக்கைவிட்டு நகரக் கூடாது; ரிலீஸ் கருவியின் விசைக்குப் பின்னால் விரலை வைத்துக்கொள்ள வேண்டும், முன்னால் அல்ல; இழுத்த முழங்கை உயரமாகவே இருக்க, வில் கையைச் சற்று விறைப்பாக வைத்து, முதுகுத் தசையால் எதிர்த்துக்கொண்டே மெதுவாக முன்னால் விட வேண்டும்.

இழுவிசை அதிகமா என்பதை அறியும் சோதனையும் இதிலேயே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், இலக்கு நோக்கியபடியே நேராக இழுக்க வேண்டும். 30 நொடி பிடிக்க வேண்டும். பிறகு மேலே சொன்னபடி விட வேண்டும். மூன்றில் எது முடியாவிட்டாலும் 5 பவுண்டு குறைக்க வேண்டும். சட்டம் 35 பவுண்டு கேட்கிற மாநிலத்தில் 12 வயதுப் பிள்ளை 30 பவுண்டில்தான் இந்தச் சோதனையில் தேறுகிறது என்றால், அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு போகட்டும். பெற்றோர் இதை ஏற்க மறுப்பதுண்டு, விட்டுக்கொடுக்கக் கூடாது.

முடிவெடுக்கும் பயிற்சிக்கு வில் வேண்டாம், நாண் வளையமே போதும். ஓர் உதவியாளர் திரைக்குப் பின்னாலிருந்து அட்டையில் வெட்டிய மானை நகர்த்துவார். தலை மரத்துக்குப் பின்னால் போகும்போது இழுக்க வேண்டும். தலை வெளியே வந்து நம் பக்கம் திரும்பினால் அசையாமல் பிடிக்க வேண்டும். கோணம் கெட்டால் திரும்ப விட வேண்டும். எய்யலாம் என்று நினைத்தால் ‘விட்டேன்’ என்று சொல்ல வேண்டும். மதிப்பெண் போடும் விதத்தில்தான் சூட்சுமம்: சரியான ‘விட்டேன்’ 1, சரியான விலகல் 1, விட்டிருக்கக் கூடாத ‘விட்டேன்’ கழித்தல் 2, விட்டிருக்கலாம் என்றபோது விலகியது பூஜ்யம். பூஜ்யத்துக்கு யாரும் கவலைப்படுவதில்லை, கழித்தலுக்குப் பயப்படுகிறார்கள். வேட்டையில் எதைத் தாங்கலாம், எதைத் தாங்க முடியாது என்பதும் அப்படியே.

எய்த பிறகு

இரத்தத் தடம் பார்க்கும் பயிற்சியைப் பள்ளி மைதானத்தின் ஓரத்துப் புல்லிலேயே வைக்கலாம். சோளப்பாகும் சிவப்பு உணவு வண்ணமும் கலந்து, 100 கெஜ நீளத்துக்கு, முதலில் நெருக்கமாகவும் பிறகு 5, 10 கெஜ இடைவெளியிலும் சொட்டு விட வேண்டும். ஓரிடத்தில் திசை திரும்ப வேண்டும். மாணவர்கள் மூவராகப் போவார்கள். கடைசியாகப் பார்த்த சொட்டில் ஒருவர் நின்றே இருக்க வேண்டும், மற்ற இருவரும் முன்னால் தேட வேண்டும், கண்டவுடன் காகித நாடா கட்ட வேண்டும். திரும்பிப் பார்த்தால் நாடாக்களின் வரிசையே விலங்கு போன திசையைக் காட்டும். தோற்கும் குழுக்கள் ஏறக்குறைய எப்போதும் ஒரே விதமாகத் தோற்கும்: மூவரும் சேர்ந்து முன்னால் ஓடிக் கடைசிச் சொட்டை மிதித்து அழித்துவிடுவார்கள்.

இரத்தத்தின் நிறம் காத்திருக்கும் நேரத்தைச் சொல்லும். நுரைத்த இளஞ்சிவப்பு நுரையீரல். குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து போகலாம். கருஞ்சிவப்பு கல்லீரல், 4 முதல் 6 மணி நேரம். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றமடித்தால் வயிறு அல்லது குடல். 8 முதல் 12 மணி நேரம். காத்திருக்காமல் துரத்தினால் படுத்திருந்த விலங்கு எழுந்து ஓடும். பெரும்பாலும் அதோடு கிடைக்காது. எய்த நொடியில் கடிகாரத்தைப் பார்ப்பதும், விலங்கு நின்ற இடத்துக்கும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்துக்கும் அடையாள மரம் பார்த்துவைப்பதும் இதோடு சேர்ந்த பழக்கம்.

பள்ளிக்குள் வரக் கூடாதது

பிராட்ஹெட் எனப்படும் சவர பிளேடு போன்ற வேட்டை முனை வகுப்புக்குள் வரவே கூடாது. படத்திலோ, கூர் மழுக்கிய மாதிரியிலோ காட்டினால் போதும். வில்வேட்டைக்காரர்கள் வெட்டிக்கொள்வது பெரும்பாலும் முனையை விரலால் திருகி மாட்டும்போதுதான். அதற்கென்றே இருக்கும் சாவியால் திருக வேண்டும் என்று சொன்னால் போதும், செய்து காட்ட வேண்டியதில்லை. மரப்பரணும் அப்படியே. ஏறுவதை வீட்டுப் பெரியவரோடு செய்யட்டும். தரையைவிட்டுக் கால் எடுத்த நொடியிலிருந்து இறங்கித் தரையில் கால் வைக்கும் நொடிவரை உடல் முழுதும் மாட்டும் ஹார்னஸ் என்ற பாதுகாப்பு வார் மரத்தோடு இணைந்தே இருக்க வேண்டும் என்பதை மட்டும் பள்ளி சொல்லிக்கொடுக்கலாம்; விழுவது பரணில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அல்ல, ஏறும்போதும் இறங்கும்போதும்தான்.

பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்பதும் சட்டச் சிக்கலாக வெடித்திருக்கிறது. 2022 ஜூன் 25-இல் கையெழுத்தான இருகட்சிப் பாதுகாப்பான சமூகங்கள் சட்டம், 1965-ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தது: அந்தச் சட்டத்தின் நிதியை யாருக்கும் ஆபத்தான ஆயுதம் கொடுக்கவோ, அதைப் பயன்படுத்தப் பயிற்சி தரவோ செலவிடக் கூடாது. 2023-இல் கூட்டாட்சிக் கல்வித் துறை இதை வில்வித்தைக்கும் வேட்டைக் கல்விக்கும் பொருத்தியது. பள்ளிகள் பின்வாங்கத் தொடங்கின. அந்த ஆண்டு செப்டம்பர் 26-இல் பிரதிநிதிகள் சபை 424-க்கு 1 என்ற வாக்கில் திருத்த மசோதாவை நிறைவேற்றியது, மறுநாள் செனட், அக்டோபர் 6-இல் அதிபர் பைடன் கையெழுத்திட்டார். வில்வித்தை, வேட்டை, பிற சுடும் விளையாட்டுகள் ஆகியவற்றோடு சமையல் கலைக்கும் விலக்கு எழுதப்பட்டது. இரண்டரை அங்குலத்துக்கு மேற்பட்ட கத்தி ஆபத்தான ஆயுதம் என்றால், சமையல் வகுப்பில் காய் நறுக்கவும் முடியாதே.

விலக்கு வந்தாலும் பதிவேட்டில் கவனம் வேண்டும். எந்த நிதி, எந்தச் செயல்பாடு, என்ன கருவி என்று தனித்தனியாக எழுதிவைத்த பள்ளிக்கு இத்தகைய குழப்பத்தில் பதில் சொல்வது எளிது. ‘வில் வகுப்பு’ என்று ஒரே வரியில் எழுதிய பள்ளிக்குத் திண்டாட்டம்.

மாநிலம் கேட்பது

பள்ளிப் பாடத்தை முடித்ததால் யாருக்கும் வேட்டைக்குப் போகும் தகுதி வந்துவிடாது. கென்டக்கியில் 1975 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்து 12 வயது நிரம்பியவர்கள் வேட்டைக் கல்விச் சான்று வைத்திருக்க வேண்டும். நியூயார்க், மொன்டானா போன்ற மாநிலங்களில் வில்வேட்டைக்கெனத் தனிச் சான்று வேண்டும். கருவி விதிகளும் இடத்துக்கு இடம் மாறும். விஸ்கான்சினில் மான் வேட்டைக்கு இழுவிசை குறைந்தது 30 பவுண்டு, கொலராடோவில் 35. பிராட்ஹெட்டின் அகலம் இரண்டு இடத்திலும் எட்டில் ஏழு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 20 பவுண்டு பள்ளி வில் இவற்றில் எதற்கும் எட்டாது. அரங்கில் நன்றாகச் சுடும் பிள்ளை அதே வில்லோடு காட்டுக்குப் போகலாம் என்று பெற்றோர் நினைக்க வாய்ப்புண்டு. சேர்க்கைப் படிவத்திலேயே ‘இந்த வில் வேட்டைக்கு அல்ல’ என்று ஒரு வரி இருக்கட்டும்.

நாஸ்ப் அடிப்படை முடித்த வகுப்புக்கு 10 பாடவேளை கிடைத்தால் நாங்கள் பிரிக்கும் விதம் இது. தூரத்துக்கு 2, கோணத்துக்கு 2, நாணைத் திரும்ப விடுவதற்கும் அட்டை மான் பயிற்சிக்கும் 3, தடத்துக்கு 2. கடைசி ஒன்றில் மட்டும் நுரை விலங்கு இலக்குகளில் எய்வது. அதுவும் தூரம் சொல்லாமல், ஒவ்வோர் இலக்குக்கும் ஒரே அம்பு, ‘எய்யவில்லை’ என்று சொல்லித் தாண்டிப் போகும் உரிமையோடு. பாதுகாப்பு விசிலை அன்றும் விடக் கூடாது. இரண்டும் மூன்றும் ஐந்தும் பயிற்றுநரிடமே இருக்கும். ‘எய்யத் தொடங்கலாம்’ என்ற ஒற்றை விசில் மட்டும் கோட்டைத் திறந்துவைக்கும். அதன்பின் எய்வதா வேண்டாமா என்பது மாணவருடையது. ஆறு இலக்கில் இரண்டையாவது மரக்கிளைக்குப் பின்னாலோ கெட்ட கோணத்திலோ வைத்துவிட வேண்டும். அவற்றை எய்து 10 வாங்கியவருக்கும் அந்த இலக்கில் கழித்தல் 2 தான்.